குளிர்கால விருந்தும் ஒயினும்: நண்பர்கள் கூடிச் சுவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலம் வந்தால் ஒயின் பிரியர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும். இருப்பதிலேயே கறுத்த, கனத்த, ஆல்கஹால் கூடிய சிவப்பு ஒயினைத் தேடி எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போவார்கள். எட்டுப் பேர் கூடினால் மேசையில் 14.5 சதவீதத்தில் ஆறு பாட்டில் நிற்கும். முதல் பாட்டிலைப் புகழாதவர் இருக்க மாட்டார்கள். மூன்றாவதுக்குள் நாக்கு மரத்துவிடும். சாப்பாடு வரும்போது எந்த ஒயின் எதற்குப் பொருந்துகிறது என்று சொல்லும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

குளிர்காலச் சாப்பாடு இயல்பிலேயே கனமானது. வெண்ணெய், உருகிய சீஸ், மணிக்கணக்கில் வெந்த இறைச்சி, கிழங்கு, க்ரீம் சேர்த்த சூப் என்று எல்லாமே வயிற்றை நிரப்புபவை. அந்தக் கனத்துக்கு எதிரே இன்னொரு கனத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நம்மை அமுக்கும். கொழுப்பை நாக்கிலிருந்து வழித்தெடுத்து அடுத்த வாய்க்கு இடம் செய்வது புளிப்புதான். எனவே ஒயினைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் புளிப்பு. நிறமும் சதவீதமும் அப்புறம்தான். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கை வைத்தே போகிறது.

படி 1: ஆளும் அளவும்

ஆறிலிருந்து எட்டுப் பேர் நல்ல கூட்டம். அதற்கு மேல் போனால் ஒரு பாட்டில் எல்லோருக்கும் இரண்டு முறை வராது. பேச்சும் மூன்று மூலைகளாகப் பிரிந்துவிடும். ஒயின் ஐந்து வகை போதும்.

ஒரு பாட்டிலில் இருப்பது 750 மி.லி. சுவைப்பதற்காக ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் எட்டுப் பேருக்கு 400 மி.லி. செலவாகும். மீதி 350 மி.லி. சாப்பாட்டோடு இரண்டாவது சுற்றுக்கு. இந்த இரண்டாவது சுற்றுக்காகத்தான் முதல் சுற்றில் கை அடக்கமாக ஊற்றுகிறோம். தனியாகக் குடித்தபோது சுமார் என்று தோன்றிய ஒயின் சாப்பாட்டோடு எழுந்து நிற்பதும், தனியாக அசத்தியது தட்டின் முன் படுத்துவிடுவதும் அப்போதுதான் தெரியும்.

இரண்டு சுற்றும் சேர்த்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 450 மி.லி. வரும். அதாவது வழக்கமான 150 மி.லி. அளவில் மூன்று கிளாஸ். ஒரு மாலைக்கு அது குறைவான அளவல்ல. ஆகவே மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரமும், கிளாஸில் மிஞ்சியதைக் கொட்ட ஒரு குடுவையும், நிறையத் தண்ணீரும் இருக்கட்டும். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் துப்பித்தான் சுவைக்கிறார்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் துப்பினாலும் கொஞ்சம் உடலுக்குள் போகத்தான் செய்யும். வண்டி ஓட்டப்போகிறவர் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதே சரி. கர்ப்பிணிகள், மருந்து எடுப்பவர்கள், வெறுமனே வேண்டாம் என்பவர்கள் யாரையும் வற்புறுத்தக் கூடாது. குடிக்காத ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அது நமக்கு வசதியும்கூட: பாட்டில்களைத் துணியால் மூடி எண் போட்டு ஊற்றும் வேலைக்கு அவரைவிட நம்பகமானவர் கிடைக்க மாட்டார்.

யார் எதைக் கொண்டுவருவது என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ‘உனக்குப் பிடித்ததைக் கொண்டு வா’ என்றால் ஆறு கறுப்பு பாட்டில்தான் வரும். ஒருவருக்கு நுரைக்கும் ஒயின், இன்னொருவருக்குப் புளிப்பான வெள்ளை, மூன்றாமவருக்கு மெல்லிய சிவப்பு, நான்காமவருக்குக் கனமான சிவப்பு, ஐந்தாமவருக்கு இனிப்பு ஒயின் என்று பிரித்துக் கொடுங்கள். மற்றவர்கள் சீஸும் ரொட்டியும் கொண்டுவரட்டும்.

படி 2: நாக்குக்கு ஓர் ஒத்திகை

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். பொருத்தம் பற்றிய நூறு விதிகளை மனப்பாடம் செய்வதைவிட இது மேல்.

இரண்டு ஒயின் வேண்டும்: இனிப்பில்லாத, புளிப்பு தூக்கலான ஒரு வெள்ளை, துவர்ப்பு நிறைந்த, வயது அதிகமாகாத ஒரு சிவப்பு. ஒவ்வொருவர் முன்பும் ஒரு சிறு தட்டு. அதில் எலுமிச்சைத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் தேன், ஒரு துண்டு கெட்டிச் சீஸ், உப்பில்லாமல் வதக்கிய காளான், சிறிது மிளகாய்த் தூள். ஒயினை ஒரு மிடறு, தட்டிலிருந்து ஒன்று, மறுபடி ஒயின் ஒரு மிடறு. இரண்டாவது மிடறில் என்ன மாறியது என்பதை மட்டும் கவனியுங்கள்.

எலுமிச்சையை நக்கிய பிறகு அந்தப் புளிப்பு வெள்ளை திடீரென்று மிருதுவாகும், பழச்சுவை முன்னால் வரும். சாப்பாட்டில் புளிப்பு இருந்தால் ஒயினின் புளிப்பு தணிந்து தெரியும் என்பதே காரணம். இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது: தட்டில் உள்ள புளிப்பைவிட ஒயினில் புளிப்பு குறைவாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

உப்பு இன்னும் பெரிய வித்தைக்காரன். துவர்ப்பான சிவப்பைக் குடித்து, உப்பைத் தொட்டு நாக்கில் வைத்து, மறுபடி குடித்தால் கசப்பும் கடுமையும் பாதியாகக் குறைந்தது போலிருக்கும். விருந்தின் நடுவில் ஒரு சிவப்பு முரண்டு பிடித்தால் புது பாட்டிலைத் திறக்க ஓடாதீர்கள். தட்டில் ஒரு சிட்டிகை உப்பு தூவிப் பாருங்கள்.

தேன் நேர் எதிர். தேனுக்குப் பின் குடித்தால் நல்ல ஒயின்கூட மெலிந்து, புளித்து, கடுத்துப்போகும். இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான். இனிப்பு என்றால் கடைசியில் வரும் கேக் மட்டும் என்று எண்ண வேண்டாம். வறுத்த கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இறைச்சி மேல் ஊற்றும் பழச் சாறு எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

காளான் சிலரை ஆச்சரியப்படுத்தும். காளான், முதிர்ந்த சீஸ், கெட்டியாகச் சுண்டவைத்த எலும்புச் சாறு ஆகியவற்றில் இருக்கும் உமாமி என்ற சுவை, ஒயினின் கசப்பையும் துவர்ப்பையும் கூட்டிக் காட்டும். உப்பில்லாக் காளானோடு இளம் சிவப்பு ஒயின் உலோகம் போல் கடிக்கும். அதே காளானில் உப்பைத் தூவினால் சமாதானம் ஆகிவிடும். முதிர்ந்த சீஸில் உமாமியோடு உப்பும் இருப்பதால்தான் அது தப்பித்துக்கொள்கிறது.

மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. காரமான உணவுக்கு மேல் 14.5 சதவீத ஒயினை ஊற்றுவது எரியும் இடத்தில் எரிச்சலைச் சேர்ப்பதுதான். காரத்துக்கு ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிப்புள்ள ஒயின் வேண்டும். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் செய்யும் இனிப்பு ஒயின்களில் ‘காபினெட்’ என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் 7.5 முதல் 9 சதவீதத்துக்குள் இருக்கும். காரச் சாப்பாட்டுக்கு அவற்றைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை.

மிச்சம் இருப்பது துவர்ப்பு. திராட்சையின் தோல், விதை, காம்பிலிருந்து வரும் டானின் நம் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் வறண்டு சுருங்குவது அதனால்தான். கூடவே இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தால் அந்த இழுப்பு தணியும். கொழுப்பில்லாத மீனோடு அதே சிவப்பைக் குடித்தால் தணிவதற்கு எதுவும் கிடைக்காது. போதாததற்கு, சில சிவப்பு ஒயின்களில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேரும்போது வாயில் கவிச்சை கிளம்பும். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். சால்மன் போன்ற கொழுப்பு மீனுக்கு, துவர்ப்பு குறைந்த பினோ நுவா என்ற மெல்லிய சிவப்பு சரிப்படும். மற்ற மீனுக்கு வெள்ளையே நல்லது.

படி 3: தட்டைப் பார்த்துப் பாட்டிலைத் தேடுங்கள்

முதலில் சமையலை முடிவுசெய்யுங்கள், பிறகு ஒயினை. இறைச்சியின் நிறத்தைப் பார்ப்பதைவிட அதன் மேல் என்ன ஊற்றியிருக்கிறது, எப்படிச் சமைத்தது என்று பார்ப்பதே பயன்படும். க்ரீமில் வெந்த கோழியும் சிவப்பு ஒயினில் வெந்த கோழியும் ஒயினைப் பொறுத்தவரை இரண்டு வேறு பிராணிகள்.

சூப் சங்கடமானது. திரவத்தின் மேல் திரவம் ஊற்றினால் இரண்டும் நீர்த்துப்போகும். இதற்கு ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதியிலிருந்து வரும் அமொன்டியாடோ ஷெர்ரி கைகொடுக்கும். ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய இந்த ஒயினில் வறுத்த கொட்டைகளின் வாசனை இருக்கும், அசல் வகைகளில் இனிப்பு இருக்காது. தெளிந்த இறைச்சிச் சாறுக்கும் காளான் சூப்புக்கும் 40 மி.லி. போதும். பூசணியோ வேர்க் காய்களோ அரைத்த இனிப்புச் சாயல் கொண்ட சூப் என்றால் பிரான்சின் லுவார் பகுதியின் ஷெனின் பிளாங் என்ற வெள்ளையைத் தேடுங்கள். வூவ்ரே என்ற ஊரின் லேசான இனிப்பு வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

உருகிய சீஸுக்குச் சிவப்பு ஒயின் என்பது ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கும் தவறான நம்பிக்கை. சீஸ் நாக்கில் படலம் போல ஒட்டிக்கொள்ள, அதன் மேல் டானின் வந்து கட்டியாக நிற்கும். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இதில் தெளிவானவர்கள். ஃபாண்டூ, ராக்லெட் என்ற உருகிய சீஸ் உணவுகளை அவர்கள் தங்கள் ஊர் வெள்ளையோடுதான் சாப்பிடுகிறார்கள்: சுவிட்சர்லாந்தில் ஷாஸ்லா, பிரான்சின் சவுவா பகுதியில் ஜாக்கேர். ஃபாண்டூவை உருக்குவதே வெள்ளை ஒயினில்தான். இவை கிடைக்காவிட்டால் பிரான்சின் ஷாப்லி அல்லது எந்த நல்ல புளிப்பு வெள்ளையும் போதும். ஓக் பீப்பாயில் கிடந்து வெண்ணிலா மணக்கும் ஷார்டனே வெள்ளை மட்டும் இங்கே வேண்டாம்; சீஸோடு சேர்ந்து திகட்டும்.

பன்றி இறைச்சி, சாசேஜ், புளிக்கவைத்த முட்டைகோஸ் எல்லாம் ஒரே தட்டில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், பிரான்சின் அல்சாஸ் பகுதியின் இனிப்பில்லாத ரீஸ்லிங். முட்டைகோஸின் புளிப்பைத் தாக்குப்பிடிக்க அதற்கு இணையான புளிப்பு வேண்டும். ஜெர்மன் பாட்டில் என்றால் ‘ட்ரோக்கன்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இனிப்பில்லாதது என்பதற்கு அதுவே அடையாளம்.

முழுதாக வறுத்த கோழி, வாத்து, வான்கோழிக்கு பினோ நுவாவோ கமேயோ போதும். கமே திராட்சையிலிருந்து பிரான்சின் பொஜொலே பகுதியில் செய்யும் ஒயினை ‘லேசானது’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளியாகும் புது பொஜொலேயை மட்டும் குடித்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பகுதியின் பத்து உயர்தர உட்பகுதிகளில் மோர்கோன், மூலான்-ஆ-வான், ஃப்ளூரி ஆகியவற்றின் பெயர் போட்ட பாட்டில்கள் வேறு தரம்: புளிப்பு உண்டு, துவர்ப்பு அளவோடு உண்டு, வாத்தின் கொழுப்பை அழகாகச் சமாளிக்கும். மேசையில் பலவகை உணவு வரும் மாலையில் ஒரே ஒரு சிவப்பைத்தான் திறக்கலாம் என்றால் நான் இதைத்தான் திறப்பேன்.

மணிக்கணக்கில் மெதுவாக வெந்த மாட்டிறைச்சிதான் குளிர்கால மேசையின் தலைவர். அந்த கனமான சிவப்பைக் கொண்டுவந்த நண்பருக்கு இங்கேதான் வாய்ப்பு. ஆனால் கனத்திலும் புளிப்புள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். இத்தாலியின் பீட்மான்ட் பகுதியின் நெபியோலோ திராட்சையில் துவர்ப்பும் புளிப்பும் இரண்டுமே உச்சத்தில் இருக்கும். அதிலிருந்து செய்யும் பரோலோ, விதிப்படி 38 மாதம் முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும், அதில் குறைந்தது 18 மாதம் மரப் பீப்பாயில். அந்த ஊரில் மாட்டிறைச்சியையே பரோலோவில் வேகவைக்கிறார்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் அதே பகுதியின் பர்பேரா இருக்கிறது. புளிப்பு ஏராளம், துவர்ப்பு குறைவு; தக்காளி சேர்த்த ஸ்டூவுக்கு அது பரோலோவைவிடப் பொருத்தம். மிளகு தூக்கலான குழம்பு என்றால் பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் வரும் சிரா என்ற சிவப்பு. கிளாஸிலேயே மிளகு வாசனை வரும். ரொட்டன்டோன் என்ற மணப்பொருள்தான் அதற்குக் காரணம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை அறவே தெரியவில்லை என்பது அதைவிட சுவாரசியம். எனவே ‘மிளகே இல்லையே’ என்று ஒரு நண்பர் அடம்பிடித்தால் அவர் மூக்கில் அது உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம்.

பருப்பு, பயறு, காளான் நடுவில் இருக்கும் சைவ விருந்துக்கு இளம் சிவப்பைத் தவிர்த்து, முதிர்ந்ததை எடுங்கள். ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் ‘ரிசர்வா’ என்று போட்ட சிவப்பு பீப்பாயிலும் பாட்டிலிலுமாகக் குறைந்தது மூன்று ஆண்டு கிடந்திருக்கும். துவர்ப்பு அடங்கி, ஈர மண்ணும் பதனிட்ட தோலும் கலந்த மணம் வந்திருக்கும். கையில் கொஞ்சம் காசு இருந்து, விசித்திரமானதைத் தேடும் கூட்டம் என்றால் பிரான்சின் ஜுரா பகுதியின் வான் ஜோன். ஆறு ஆண்டுக்கு மேல் பீப்பாயில், அதில் ஐந்து ஆண்டாவது ஈஸ்ட் படலத்தின் அடியில் கிடந்து, 62 சென்டிலிட்டர் கொண்ட குட்டையான பாட்டிலில் வரும் மஞ்சள் ஒயின் இது. காளானும் க்ரீமும் கோழியும் கொம்டே சீஸும் இதற்குச் சொந்தக்காரர்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. அதற்காகவே திறக்கலாம்.

கடைசிக்கு நீலப் பூசணம் பிடித்த சீஸோடு இனிப்பு ஒயின். ஸ்டில்டனோடு போர்ட், ரோக்ஃபோரோடு சோட்டெர்ன் என்பவை பழைய ஜோடிகள். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடுவதால் இன்றும் நிற்கின்றன. கொட்டைகள், கேரமல், உலர்ந்த பழம் போட்ட கேக் என்றால் பீப்பாயில் முதிர்ந்த டானி போர்ட். போர்ட் ஏறக்குறைய 20 சதவீதம் என்பதால் அளவு பாதியாகட்டும்.

இவ்வளவும் பார்த்துத் தலை சுற்றினால், எந்தக் குளிர்கால மெனுவுக்கும் ஓரளவு பொருந்தும் ஐந்து இதோ: இனிப்பில்லாத நுரைக்கும் ஒயின், இனிப்பில்லாத ரீஸ்லிங், உயர்தரப் பொஜொலே, பர்பேரா அல்லது சிரா, பத்து ஆண்டு டானி போர்ட். நுரைக்கும் ஒயினுக்கு ஷாம்பேன்தான் வேண்டும் என்றில்லை. ஸ்பெயினின் காவாவும் பிரான்சின் க்ரேமானும் அதே முறையில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது நொதித்தல் நடந்து வருபவை. லேபிளில் இனிப்பில்லாததைக் குறிக்கும் ‘ப்ரூட்’ இருக்கட்டும். ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்பது ப்ரூட்டைவிட இனிப்பானது. இந்தப் பெயரில் ஏமாறாதவர் குறைவு.

படி 4: வெப்பநிலை

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பேச்சு ஹீட்டர் இல்லாத குளிர்ந்த வீடுகளின் காலத்தில் வந்தது. இன்று குளிர்காலத்தில்தான் வீடு அதிகச் சூடாக இருக்கிறது. அடுப்பும் ஓடி, எட்டுப் பேரும் உட்கார்ந்தால் அறை 22 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் சிவப்பு தளர்ந்து, ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும்.

நுரைக்கும் ஒயின் 6 முதல் 9 டிகிரி, புளிப்பு வெள்ளை 8 முதல் 10, கனமான வெள்ளை 11 முதல் 13, மெல்லிய சிவப்பு 13 முதல் 14, கனமான சிவப்பு 16 முதல் 18, டானி போர்ட் 12 முதல் 14. வெப்பமானி தேவையில்லை. சிவப்பைப் பரிமாறுவதற்கு அரை மணி முன் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில் இருக்கும் வெள்ளையைக் கால் மணி முன் வெளியே எடுங்கள். சரியாக வராவிட்டால் குளிர்ச்சியின் பக்கம் தவறுவது நல்லது, கிளாஸில் தானாகச் சூடேறிவிடும். அவசரமாகக் குளிரவைக்க வெறும் ஐஸைவிடப் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு வேகமாக வேலை செய்யும். பாட்டிலைத் தண்ணீர் சுற்றிலும் தொடுவதால் சூடு சீக்கிரம் இறங்குகிறது. நுரைக்கும் ஒயினை நன்றாகக் குளிரவைக்காமல் திறக்காதீர்கள். உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கும். கார்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள், யார் முகத்துக்கும் நேராக இல்லாமல்.

படி 5: மேசையும் கிளாஸும்

கிளாஸ் வாய் குறுகி, வயிறு அகன்று இருந்தால் போதும். 1977-ல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வகுத்த சுவைப்புக் கிளாஸ் 215 மி.லி. கொள்ளளவுதான், பெரிய பலூன் கிளாஸ் தேவையில்லை. ஆளுக்கு இரண்டு வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சோப்பு வாசனை இல்லாமல் அலசியிருக்க வேண்டும்.

வாசனை மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கெட்டியான சென்ட் எதுவும் வேண்டாம். அடுப்பில் வெங்காயம் வதங்கும் நேரத்தில் அதே அறையில் சுவைப்பதும் வீண். ஜலதோஷம் பிடித்த நண்பர் வந்தால் அவரை ஒதுக்க வேண்டாம். மணம் அவருக்குத் தெரியாது, ஆனால் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு மூன்றும் நன்றாகவே தெரியும். பல நேரம் மூக்குள்ளவர்களைவிட நேர்மையாகச் சொல்வார்.

திறந்தவுடன் ஊற்றுபவர் ஒரு மிடறு ஊற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிவைத்த நிலவறை போல நாறினால் அது கார்க் கெடுதி. டி.சி.ஏ. என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். காற்றாட விட்டாலும் போகாது, பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள். இளம் நெபியோலோவையும் சிராவையும் ஒரு மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றிவைக்கலாம். மிகப் பழைய ஒயினை வண்டல் பிரிக்க மட்டும் பரிமாறும் நேரத்தில் ஊற்றுங்கள், முன்கூட்டியே வைத்தால் மணம் பறந்துவிடும்.

படி 6: முதல் சுற்று, சாப்பாடு இல்லாமல்

வரிசை: நுரைக்கும் ஒயின், வெள்ளை, மெல்லிய சிவப்பு, கனமான சிவப்பு, இனிப்பு. பின்னால் வருவது முன்னால் வந்ததை மறைக்கக் கூடாது என்பதே இதன் கணக்கு. பாட்டில்களைத் துணியால் மூடுங்கள். விலையும் பெயரும் தெரிந்தால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

நிறம் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். 2001-ல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினையே மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். படிப்பவர்களுக்கே அந்த நிலைமை. எனவே கண்ணுக்கு அதிக மரியாதை கொடுக்காமல் சட்டென்று மூக்குக்குப் போய்விடுங்கள்.

கிளாஸைச் சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், சுழற்றி ஒரு முறை. பிறகு ஒரு சிறு மிடறு எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, உதடு வழியாகச் சிறிது காற்றை உறிஞ்சுங்கள். வாயிலிருந்து மூக்கின் பின்வாசல் வழியே போகும் ஆவிதான் நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி. பிறகு நான்கே கேள்விகள்: வாய் ஊறுகிறதா, அது புளிப்பு. ஈறு இழுக்கிறதா, அது துவர்ப்பு. தொண்டையில் சூடு ஏறுகிறதா, அது ஆல்கஹால். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, அதுதான் தரம் பற்றிய ஓரளவு நம்பத்தக்க சாட்சி.

என்ன மணம் என்று சொல்லத் திணறுபவர்களுக்காக கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் நோபிள் 1984-ல் ஒரு மணச் சக்கரம் உருவாக்கினார்: நடுவில் ‘பழம்’, அடுத்த வளையத்தில் ‘சிட்ரஸ்’, வெளியே ‘எலுமிச்சை’ என்று பொதுவிலிருந்து நுணுக்கத்துக்குப் போகும். அதே வழியில் பேசலாம். முதலில் பழமா, பூவா, மசாலாவா, மரமா என்று முடிவு செய்துவிட்டு உள்ளே இறங்குங்கள்.

எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உரத்த குரலில் ஒருவர் ‘செர்ரி’ என்று சொல்லிவிட்டால் அடுத்த ஏழு பேருக்கும் செர்ரிதான் வரும்.

படி 7: இரண்டாவது சுற்று, தட்டோடு

இப்போது சாப்பாடு. ஒவ்வொரு உணவுக்கும் இரண்டு ஒயினை ஊற்றுங்கள்: நீங்கள் பொருந்தும் என்று நினைத்தது ஒன்று, பொருந்தாது என்று நினைத்தது ஒன்று. மாட்டிறைச்சிக்கு சிராவும் ரீஸ்லிங்கும். சீஸுக்கு ரீஸ்லிங்கும் பொஜொலேயும். ஒத்திகையில் செய்ததுபோலவே மிடறு, வாய், மிடறு. இரண்டாவது மிடறு முதலாவதைவிட நன்றாக இருந்தால் பொருத்தம். இன்னொரு வாய் சாப்பிடத் தோன்றினால் அதைவிடப் பெரிய பொருத்தம். ஒயின் மோசமானால் பொருத்தமில்லை, எத்தனை புத்தகம் எதிர்த்துச் சொன்னாலும்.

தோற்ற ஜோடிகளைத் திருத்தவும் பாருங்கள். ஒயின் கடுக்கிறதா, உப்போ எலுமிச்சையோ ஒரு துளி சேருங்கள். ஒயின் சப்பென்று இருக்கிறதா, தட்டில் புளிப்பு அதிகமாகியிருக்கும். கொஞ்சம் வெண்ணெய் சேர்த்தால் இறங்கும். ஒயின் புளித்துப்போனதா, தட்டில் எங்கோ இனிப்பு ஒளிந்திருக்கிறது. சமையல்காரர் பக்கத்தில் இருந்தால் கோபித்துக்கொள்ளாதவராக இருக்க வேண்டும்.

துணியை எடுத்துப் பாட்டில்களைக் காட்டுவது இந்தச் சுற்று முடிந்த பிறகு. எது விலை கூடியது, எது சாப்பாட்டோடு வென்றது என்று ஒப்பிடும்போது கிளம்பும் சண்டைதான் மாலையின் சிறந்த பகுதி.

மசாலா சேர்த்துக் காய்ச்சும் ஒயின் வேண்டும் என்று யாராவது கேட்டால், சுவைப்பு முடிந்த பிறகு, சாதாரணப் பழச்சுவைச் சிவப்பில் செய்யுங்கள். பட்டையும் கிராம்பும் நாக்கைப் பிடித்துவிட்டால் அதன் பின் எந்த ஒயினும் தெரியாது. கொதிக்க விடக்கூடாது: ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரிதான் என்பதால் அது வேகமாக ஆவியாகிவிடும், மசாலாவும் கசந்துவிடும். ஆவி பறக்கும் பதத்தில் கால் மணி நேரம் வைத்தால் போதும்.

படி 8: மீந்தது

எல்லாவற்றையும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும் சேர்த்து. பாதிக்கு மேல் காலியான பாட்டிலைச் சின்ன பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றினால் காற்று குறையும், ஆயுள் கூடும். வெள்ளையும் சிவப்பும் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும்; நுரைக்கும் ஒயின் சரியான மூடி இருந்தால் இரண்டு நாள். புளிப்பான ஒயின்கள் தாங்கும் நாளும் அதிகம், ரீஸ்லிங் மறுநாள் இன்னும் நன்றாக இருப்பதும் உண்டு. டானி போர்ட் சில வாரம், அமொன்டியாடோவும் அப்படியே. கார்க் கெட்ட ஒயினைச் சமையலில் சேர்க்காதீர்கள், அந்த நாற்றம் குழம்பிலும் தங்கும். மற்ற மிச்சங்களை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அடுத்த ஸ்டூவுக்கு இரண்டு கட்டியாகப் போடலாம்.